எஞ்சின் உறங்கினாலும் சுழலும் தண்டு

(ஞாயிறு மாலை ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் நான் வந்தால் வருமான வரி, ஜி.எஸ்.ரி., சுப்பர் என்றுதான் பேசுவேன். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நேயர்களும் இருப்பீர்கள். இன்று கணக்குப் புத்தகத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வாகனத்தின் கீழே குனிந்து பார்க்கப் போகிறோம். ஃபோர் வீல் ட்ரைவ் வாகனங்களின் அடியில் சுழலும் தண்டுகள் பற்றியும், அந்த வாகனங்களை இழுப்பது, அவற்றால் இழுப்பது பற்றியும்தான் இன்றைய பேச்சு.

கணக்காளருக்கு இது என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் மெக்கானிக் அல்ல. இந்தப் பாடத்தை 4,200 டொலர் கட்டிப் படித்தவன். அந்தக் கதையோடு தொடங்குகிறேன்.

நாங்கள் இந்த அவுஸ்திரேலிய மண்ணுக்கு வந்த காலத்தில் மூன்று குடும்பத்துக்கு ஒரு பழைய கார் இருந்தது. ஒருவர் வேலைக்குப் போய் வந்த பிறகு மற்றவர் எடுத்துக்கொண்டு போவார். பின்னர் பிள்ளைகள் வளர்ந்தார்கள், கையிலும் நாலு காசு சேர்ந்தது. 2005ஆம் ஆண்டு ஒரு பழைய ஃபோர் வீல் ட்ரைவ் வாங்கினேன். உயரமாக இருந்து ஓட்டும்போது மனதிலும் ஒரு உயரம் வந்தது உண்மை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

2006 டிசம்பரில் என் மனைவியின் ஒரே தம்பிக்கு மெல்பேர்ணில் கலியாணம். மாப்பிள்ளையின் சகோதரி என்ற முறையில் மணப்பெண்ணுக்குத் தோழியாக நிற்க வேண்டியவள் என் மனைவி. தாய் தகப்பன் இரண்டு பேரும் ஊரில். வர முடியவில்லை. ஆக மாப்பிள்ளை வீடு என்றால் நாங்கள்தான். சனிக்கிழமை காலை முகூர்த்தம். வெள்ளி அதிகாலை சிட்னியில் இருந்து வெளிக்கிட்டோம். ஹியூம் நெடுஞ்சாலையில் கண்டகாய் தாண்டியதும் வெப்பமுள் மேலே ஏறியது. தண்ணீர்ப் பம்ப் போய்விட்டது. வாகனத்தை ஓரம்கட்டி, உதவிக்கு அழைத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் இழுவை லொறி வந்தது. ஓட்டி வந்த இளைஞன் நல்ல மனிதன்தான். கையில் ஒரு படிவத்துடன் இறங்கி, "ஃபுல் டைமா, பார்ட் டைமா?" என்று கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். மணலிலும் மேட்டிலும் எப்போதாவதுதானே ஓடுகிறேன் என்று நினைத்து, "பார்ட் டைம்" என்றேன். அவன் ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டு, கையெழுத்து வைக்கச் சொன்னான். வைத்தேன்.

நேயர்களே, நான் கணக்காளன். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வது என் தொழில். ஆனால் அந்தக் கை, சோதனைச் சாவடிகளிலும் அலுவலக வாசல்களிலும் "இதில் வை" என்று காட்டிய இடத்தில் பல வருடம் வைத்துப் பழகிய கை. சீருடையும் படிவமும் கண்டால் இன்றும் தலை தானாக ஆடும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு நான் சொல்வது விளங்கும்.

இளைஞன் பின் சக்கரங்கள் இரண்டையும் மேலே தூக்கி, ஸ்டியரிங்கைப் பட்டியால் இறுக்கிக் கட்டி, முன் சக்கரங்கள் தரையில் உருள, வாகா வாகா வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போனான். அங்கே மாலைக்குள் பம்ப் மாற்றித் தந்தார்கள். சந்தோசமாக வெளிக்கிட்டோம். அரை மணித்தியாலம் ஓடவில்லை. அடியில் இருந்து அம்மியில் கல் அரைப்பது போல ஒரு சத்தம், பிறகு தீய்ந்த மணம். வாகனம் நின்றது.

அன்றிரவு ஒரு மோட்டலில். மறுநாள் வாடகைக் கார் எடுத்து ஓடி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிகிற நேரம். தோழியாக வேறொருவர் நின்றிருந்தார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதைத்தான் நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருத்தக் கூலி 4,200 டொலர். இழுத்தவர்களிடம் கேட்டேன். நான் கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதியைக் காட்டினார்கள். "பார்ட் டைம்" என்ற கட்டத்தில் அடையாளம். கீழே என் பெயர்.

பழுதான பாகங்களை ஒரு பெட்டியில் போட்டுத் தந்திருந்தார்கள். சிட்னி வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, கிளிநொச்சியில் லொறி திருத்திப் பழகிய ஒரு மெக்கானிக் அண்ணையிடம் போனேன். கறுத்துப்போன பல்சக்கரம் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"உதை எப்பிடி இழுத்தவங்கள், தம்பி?"

"பின்பக்கத்தைத் தூக்கி, அண்ணை."

"முன் சில்லு நிலத்தில உருண்டதோ?"

"ஓம்."

"அப்ப எஞ்சின் நித்திரை, ஷாஃப்ட் முழிப்பு. எண்ணெய் இல்லாமல் 80 கிலோமீற்றர் சுத்தியிருக்கு. எரியாமல் என்ன செய்யும்?"

அன்று அவர் என்னைத் தன் கராஜில் உயர்த்தி நிறுத்தியிருந்த ஒரு வாகனத்தின் கீழே கூட்டிக்கொண்டு போய் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன்.

எஞ்சினுக்குப் பின்னால் கியர் பெட்டி. உண்மையான ஃபோர் வீல் ட்ரைவ் வாகனத்தில் அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். அதுதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். வருகிற பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுகிற பெட்டி. அதில் இருந்து ஒரு நீண்ட தண்டு பின்னுக்குப் போகும், இன்னொன்று முன்னுக்குப் போகும். ஊரில் லொறிக்காரர் இதைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். இந்த நாட்டு மெக்கானிக்மார் டெயில் ஷாஃப்ட் என்பார்கள். தண்டின் முடிவில் டிஃபரன்ஷல். அதில் இருந்து இடமும் வலமும் இரண்டு குட்டைத் தண்டுகள் சக்கரத்துக்குப் போகும். ட்ரைவ் ஷாஃப்ட் என்று இங்கே பெரும்பாலும் சொல்வது அந்தக் குட்டைத் தண்டுகளை. பில்லில் இந்த இரண்டு பெயரும் வரும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்பும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே போகிற தண்டு மடங்கிக்கொடுத்தபடியே சுழல வேண்டும். அதற்காக இரு நுனியிலும் சிலுவை வடிவில் ஒரு மூட்டு இருக்கிறது. யூனிவேர்சல் ஜொயின்ட் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் ரொபேர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி ஆராய்ந்த மூட்டு இது. இதற்கு ஒரு குணம் உண்டு. மடங்கிய நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தாமதிக்கும். இரண்டு மூட்டுகளை ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்தினால் ஒன்றின் பிழையை மற்றது சரிசெய்துவிடும். வரவும் செலவும் சமப்படுவது போல. ஆனால் இரு நுனியிலும் மடங்கும் கோணம் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்தக் கோணத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். ட்ரெயிலர் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அங்கே மடிப்பு மிக அதிகம். அதனால் வேகம் மாறாமல் சுழற்றுகிற வேறொரு மூட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது சி.வி. ஜொயின்ட். 1920களில் அமெரிக்காவில் அல்ஃபிரெட் செப்பா என்ற பொறியியலாளர் வடிவமைத்த, குண்டுகள் உருளும் மூட்டின் வழிவந்தவைதான் இன்றைய முன் சக்கர மூட்டுகளில் பெரும்பாலானவை. அதைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் உறை இருக்கும். அந்த உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். உறை மாற்றுவது சிறிய செலவு. மூட்டு மாற்றுவது பெரிய செலவு.

இனி, என்னை மாட்டிவிட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். ஃபுல் டைமா, பார்ட் டைமா?

வாகனம் ஒரு வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சிறிய வட்டம் போடும். ஆகவே முன் தண்டும் பின் தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். பார்ட் டைம் வகையில் ஃபோர் வீலில் போட்டதும் இரு தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்படும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க இடமில்லை. முறுக்கு தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் இறுகும், கியரை விடுவிக்க முடியாது, கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். ஆகவே பார்ட் டைம் வாகனத்தைத் தார் ரோட்டில் 2எச் என்ற நிலையில்தான் ஓட்ட வேண்டும். ரொயோட்டா ஹைலக்ஸ் வாகனங்களில் பெரும்பாலானவை, லாண்ட் குரூசர் 70 வரிசை, பழைய நிசான் பற்றோல் ஆகியவை இந்த வகை.

ஃபுல் டைம் வகையில் முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷல் உண்டு. வேக வித்தியாசத்தை அது ஏற்றுக்கொள்ளும். ஆகவே எந்த நேரமும் நான்கு சக்கரமும் எஞ்சினோடு இணைந்தே இருக்கும். பிறாடோ, லாண்ட் குரூசர் 200, 300 வரிசைகள், லாண்ட் ரோவர் டிஸ்கவரி இப்படியானவை. எப்போது பாவிக்கிறோம் என்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. நான் விட்ட பிழை அதுதான். ஒரே பெயரில் விற்கிற வாகனம்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். கியர்க் கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழைப் பாருங்கள். 2எச் என்று எழுதியிருந்தால் முன் தண்டை விடுவிக்க முடிகிற வாகனம். 4எச், 4எல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஃபுல் டைம். முடிவான பதில் உங்கள் கையேட்டில் இருக்கிறது.

என் வாகனத்துக்கு நடந்தது இதுதான். பார்ட் டைம் என்று நம்பிய இளைஞன், முன் சக்கரங்கள் எதனோடும் பூட்டப்படாமல் சும்மா உருளும் என்று நினைத்தான். ஆனால் அவை முன் தண்டைச் சுழற்றின. முன் தண்டு நடு டிஃபரன்ஷலைச் சுழற்றியது. பின் தண்டு அசைய முடியாமல் நின்றது. ஒரு வளைவில் சில விநாடிகள் மட்டும் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சிறிய பல்சக்கரங்கள் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து செய்தன. இதற்கு மேல், ஓட்டோமற்றிக் கியர் பெட்டியின் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஆனால் பெட்டியின் பின்பாதி சுழன்றுகொண்டிருக்கும். மெக்கானிக் அண்ணை சொன்ன நித்திரையும் முழிப்பும் இதுதான்.

ஆகவே முதலாவது விதி. ஃபோர் வீல் ட்ரைவ், ஓல் வீல் ட்ரைவ் எதுவானாலும், பழுதாகி நின்றால் நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்கும்படி கொண்டுபோகச் சொல்லுங்கள். இங்கே அதற்கு டில்ட் ட்ரே என்று பெயர். தட்டு சரிந்து இறங்கும், வாகனம் ஏறும், தட்டு நிமிரும். தொலைபேசியில் உதவி கேட்கும்போதே இந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். வேறு லொறி வந்துவிட்டால், தரையில் இருக்கும் இரு சக்கரத்தின் கீழும் சிறிய உருளை வண்டி வைக்கலாம்.

காட்டிலும் பாலைவழியிலும் டில்ட் ட்ரே வராத இடங்கள் உண்டு. அங்கே பழகியவர்கள் டெயில் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுப்பார்கள். நாலு போல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். கழற்ற முன் தண்டிலும் விளிம்பிலும் நேர்கோடு ஒன்று போட்டு அடையாளம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது சமநிலை தவறி அதிரும். சில வாகனங்களில் தண்டை உருவினால் அந்தத் துவாரத்தால் கியர் எண்ணெய் வெளியே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஆபத்து. கியர்க் கோலை "பி"யில் போட்டால் வாகனத்தைப் பிடித்துவைத்திருப்பது இந்தத் தண்டுதான். தண்டைக் கழற்றினால் "பி" பிடிக்காமல் போகலாம். லாண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய வகைகளில் கைப்பிறேக்கே தண்டில்தான் இருக்கிறது. பின் தண்டோடு அதுவும் போய்விடும். ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் விட்டாலும் இதே கதைதான். "பி"யில் நிற்கிறது என்று நம்பி இறங்கினால் வாகனம் உருண்டுவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இவற்றில் கை வைக்காதீர்கள்.

சிறிய எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் பின் சக்கரத்துக்குப் போகும் பலத்தை ஒரு சிறிய இணைப்பு தேவைக்கேற்ப விட்டுக்கொடுக்கும். இரு சக்கரத்தில் இழுத்தால் அது எரியும். இன்றைய ராவ்4 ஹைபிரிட்டின் ஓல் வீல் வகையில் நடுவே நீண்ட தண்டே இல்லை. பின் சக்கரத்துக்குத் தனி மின்மோட்டர். தண்டு இல்லைத்தானே என்று இழுக்கலாமா? கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டரும் சுழலும், மின்சாரம் பிறக்கும். மின்வாகனங்களுக்கும் டில்ட் ட்ரேதான்.

இதுவரை நம் வாகனத்தைப் பிறர் இழுப்பது பற்றிப் பேசினோம். இனி நம் வாகனம் இழுப்பது. இங்கேதான் என் தொழில் எனக்குக் கைகொடுக்கிறது.

விளம்பரத்தில் பெரிதாக 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். நம்மவர்கள் அதை வங்கியில் இருக்கிற காசு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அது காசல்ல, கடன் எல்லை. செலவழிக்க முன் நாலு ஏடுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஜி.வி.எம். வாகனமும் அதில் ஏறும் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. இரண்டாவது ஏ.ரி.எம். வங்கி இயந்திரம் அல்ல. ட்ரெயிலரும் அதன் சுமையும் சேர்ந்த உச்ச எடை. மூன்றாவது ஜி.சி.எம். வாகனமும் ட்ரெயிலரும் ஒன்றாகச் சேர்ந்த உச்ச எடை. நான்காவது டோ போல் பாரம், அதாவது இணைப்புக் குண்டின் மேல் ட்ரெயிலர் அழுத்தும் எடை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வெறும் வாகனம் 2,150 கிலோ. ஜி.வி.எம். 3,050. ஜி.சி.எம். 5,850. இழுக்கும் எல்லை 3,500. குடும்பத்தில் ஐந்து பேர், 350 கிலோ. முன்னால் பூட்டிய இரும்புச் சட்டம், கூரைத் தட்டு, குளிர்பெட்டி, சாமான் என்று 150 கிலோ. வாகனம் இப்போது 2,650. பின்னால் 3,500 கிலோ கரவன் பூட்டினால் டோ போலில் 350 வரும். வாகனத்தின் எடை 3,000. ஜி.வி.எம். எல்லைக்குள் 50 கிலோ மிச்சம் என்று மகிழலாம். ஆனால் 2,650ஐயும் 3,500ஐயும் கூட்டிப் பாருங்கள். 6,150. ஜி.சி.எம்.மைவிட 300 கிலோ கூட. ஒரு ஏடு சரி, மற்ற ஏடு பிழை. இந்தக் குடும்பம் இழுக்கக்கூடியது 3,200 கிலோ மட்டுமே.

கணக்குப் படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். டோ போல் பாரம் ட்ரெயிலரின் ஏட்டிலும் உண்டு, வாகனத்தின் ஏட்டிலும் உண்டு. ஆனால் இரண்டையும் திரட்டும் கணக்கில் ஒரு முறைதான் வரும். மேலும் ஒரு குறிப்பு. இங்கே "டெயார்" எடை என்று எழுதியிருப்பது 10 லீற்றர் எரிபொருளோடு எடுத்த எடை. 80 லீற்றர் தாங்கியை நிரப்பினால் டீசலே ஏறக்குறைய 60 கிலோ கூடும். காகிதத்தில் கணக்குப் போட்டபின் ஒருமுறை எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். வங்கிக் கூற்றோடு ஒப்பிடாத கணக்கை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ட்ரெயிலரின் பிறேக்குக்கும் இந்த நாட்டில் விதி உண்டு. சுமையோடு சக்கரத்தில் தாங்கும் எடை 750 கிலோ வரை என்றால் தனிப் பிறேக் தேவையில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஒரு அச்சிலாவது பிறேக் வேண்டும். 2,000க்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். அத்தோடு ட்ரெயிலர் கழன்று போனால் தானாகப் பிடித்து 15 நிமிடம் விடாமல் வைத்திருக்கும் ஏற்பாடும் வேண்டும். சிறிய எஸ்.யூ.வி.களில் பலவற்றின் இழுக்கும் எல்லையே 1,500, 2,000 கிலோ அளவில்தான் நிற்கும் என்பதையும் மறவாதீர்கள்.

சரி, அந்த டோ போல் பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்? பொதுவாக ட்ரெயிலர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். ஏன் என்று கேட்டால், விடை நம் ஊர் மாட்டு வண்டியில் இருக்கிறது. வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அளவோடு இருக்க வேண்டும் என்பது வண்டிக்காரனின் அறிவு.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, எங்கள் சாமானை ஒருவர் தன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற இடம் தந்தார். அவசரத்தில் நாங்கள் எல்லாவற்றையும் பின்பக்கத்தில் குவித்தோம். அவர் மழையில் நனைந்தபடி இறங்கி, நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக முன்னுக்கு மாற்றினார். "பின்னுக்குப் பாரம் வைச்சால் பெட்டி ஆட்டும், தம்பி. சனத்துக்கு நடுவில ஆட்டினால் என்ன நடக்கும்?" என்றார். அன்று அந்த நெரிசலிலும் அவர் அவசரப்படவில்லை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

அதே கதைதான் கரவனுக்கும். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் வேகம் கூடும்போது வால் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். வாகனத்தின் பிறேக்கைத் திடீரென்று மிதிக்கவும் வேண்டாம். எக்சிலறேற்றரை மெல்ல விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ட்ரெயிலர் பிறேக்கைக் கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள்.

முன்பாரம் அளவு மீறினால் வாகனத்தின் பின்பக்கம் இருந்துவிடும், முன்பக்கம் இலேசாகும். இங்கே அந்தக் கோணம் திரும்ப வருகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் டெயில் ஷாஃப்ட் மடங்கும் கோணம் மாறும். மூட்டுகள் ஒன்றின் பிழையை மற்றது சரிசெய்ய முடியாமல் போகும். பாரமான வேலையில் அந்த அதிர்வோடு ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் மூட்டின் ஊசி உருளைகள் தேயும். வாகனத்தை உயர்த்திப் பூட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை மறுபக்கமாக வரும்.

தண்டுகள் முறிய முன் பேசும். கேட்கத் தெரிந்தால் போதும். "டி"யில் இருந்து "ஆர்"க்கு மாற்றும்போது டொக் என்று அடித்தால் யூனிவேர்சல் ஜொயின்ட் தேய்ந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்ந்தால் தண்டின் சமநிலையையும் கோணத்தையும் பார்க்க வேண்டும். முழுக்கத் திருப்பி ஓடும்போது டக் டக் என்றால் சி.வி. ஜொயின்ட். மணலில் புதைந்தால் சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு எஞ்சினை அலறவிடாதீர்கள். சுற்றும் சக்கரம் திடீரென்று பிடி கண்டால் மூட்டு உடையும். பிறர் இழுத்துவிடும்போது கயிற்றை ஒருபோதும் டோ போலில் மாட்டாதீர்கள். அது கழன்று துப்பாக்கிக் குண்டு போலப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. அதற்கென்று தயாரித்த கொளுக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

முடிக்க முன் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சிறிய அட்டை எடுத்து, வாகனத்தின் கையேட்டைப் பார்த்து நாலு வரி எழுதுங்கள். வாகனம் ஃபுல் டைமா பார்ட் டைமா. பழுதானால் எப்படி இழுக்க வேண்டும். ஜி.வி.எம்., ஜி.சி.எம். எவ்வளவு. டோ போல் எல்லை எவ்வளவு. முன் இருக்கைப் பெட்டிக்குள் அதை வையுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல. இரவு பதினொரு மணிக்கு உங்கள் மகளோ மகனோ ரோட்டோரத்தில் தனியாக நிற்கும்போது அந்த அட்டை பேசும்.

என்னைக் கேட்டால், அட்டையை விடப் பெரியது ஒரு வசனம். "எனக்குத் தெரியாது, கொஞ்சம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்." அன்று கண்டகாய் ரோட்டில் அந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் என் மனைவி தம்பியின் கலியாணத்தில் தோழியாக நின்றிருப்பாள். சொல்லியிருந்தால் அந்த இளைஞன் என்னைக் கோபித்திருக்க மாட்டான். அடித்திருக்க மாட்டான். ஒரு ஐந்து நிமிடம் காத்திருப்பான், அவ்வளவுதான். இந்த நாட்டில் கேள்வி கேட்கலாம் என்பதை என் தலை எப்போதோ அறிந்துகொண்டது. கை அறிந்துகொள்ளத்தான் கொஞ்சக் காலம் பிடித்தது.

அந்தக் கறுத்த பல்சக்கரம் இன்றும் என் அலுவலக மேசையில் காகிதங்களுக்கு மேல் பாரமாக இருக்கிறது. யாராவது வாசிக்காமல் கையெழுத்து வைக்கப் பேனாவை எடுத்தால், அதை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து இந்தக் கதையைச் சொல்வேன்.

அடுத்த மாதம் மீண்டும் வரிக் கணக்கோடு சந்திக்கிறேன். அதுவரை பாரம் பார்த்து ஏற்றுங்கள், பத்திரமாக ஓட்டுங்கள்.